ஒரே பிரசன்டேஷனில் நான்கு ஸ்லைடுகளை மட்டும் நெட்டுவாக்கில் வைக்க முடியுமா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பயிற்சி வகுப்புக்காக 24 ஸ்லைடு கொண்ட பவர்பாயிண்ட் ஃபைல் ஒன்று தயாராகிறது. எல்லாம் லேண்ட்ஸ்கேப், அதாவது படுக்கைவாக்கு. நடுவே நான்கு ஸ்லைடு மட்டும் போர்ட்ரெய்ட்டாக, நெட்டுவாக்கில், வேண்டும்: ஸ்கேன் செய்த அரசாணைப் பக்கங்கள் இரண்டு, மேலிருந்து கீழே ஓடும் ஃப்ளோசார்ட் ஒன்று, கைப்பேசிச் செயலியின் திரைகள் கொண்டது ஒன்று. ஸ்லைடு சைஸில் போய் போர்ட்ரெய்ட் என்று மாற்றினால் 24-ம் சேர்ந்து திரும்பிவிடுகின்றன. வேர்டில் செக்‌ஷன் பிரேக் போட்டு ஒரு பக்கத்தை மட்டும் திருப்ப முடிகிறதே, இங்கே ஏன் முடியவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு உண்மையில் வேண்டியது, உயரமான அந்த நான்கு விஷயங்களும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் படிக்கும்படி தெரிய வேண்டும் என்பதுதான் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

சந்தேகமே இல்லாத பகுதியை முதலில் முடித்துவிடலாம். ஒரு பவர்பாயிண்ட் ஃபைலுக்கு ஒரே ஒரு ஸ்லைடு அளவுதான். எந்தப் பதிப்பிலும், எந்த மெனுவிலும் இதற்கு விலக்கு கிடையாது. பிபிடிஎக்ஸ் என்று முடியும் உங்கள் பவர்பாயிண்ட் ஃபைலின் நகல் ஒன்றை எடுத்து, பெயரின் கடைசியில் ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே பிரசன்டேஷன் என்ற பெயரில் ஒரு எக்ஸ்எம்எல் ஃபைல் இருக்கும். ஸ்லைடின் அகலமும் உயரமும் அதில் ஒரே இடத்தில் எழுதப்பட்டிருக்கும். 16:9 அளவு என்றால் 12192000, 6858000 என்ற இரண்டு எண்கள். ஒரு சென்டிமீட்டருக்கு 360000 அலகு என்று கணக்கு, ஆக 33.87 x 19.05 செ.மீ. தனித்தனி ஸ்லைடுகளுக்கான ஃபைல்களில் அளவு எழுத இடமே இல்லை. வேர்டில் ஒவ்வொரு செக்‌ஷனும் தன் பக்க அளவைத் தானே வைத்துக்கொள்கிறது, அதனால் அங்கே முடிகிறது. கூகுள் ஸ்லைட்ஸ், கீநோட், லிப்ரெஆபீஸ் இம்ப்ரெஸ் எல்லாவற்றிலும் இதே கதைதான். மென்பொருளை மாற்றித் தப்பிக்க முடியாது.

வேறொரு ஃபைலில் நெட்டு ஸ்லைடு செய்து, காப்பி செய்து இங்கே ஒட்டினால் என்ன என்று அடுத்து தோன்றும். ஒட்டிய உடனே அது இந்த ஃபைலின் அளவை ஏற்றுக்கொள்ளும். அதன் மேலிருந்த பெட்டிகளும் படங்களும் இடம் பெயரும், சில சமயம் ஸ்லைடுக்கு வெளியே தொங்கும். அப்புறம் ஒவ்வொன்றாக உள்ளே இழுத்து வைக்கும் வேலைதான் மிஞ்சும். இன்னொன்று: பரிசோதித்துப் பார்க்கிறேன் என்று முழு ஃபைலையும் ஒருமுறை போர்ட்ரெய்ட்டாக்கிவிட்டுத் திரும்ப லேண்ட்ஸ்கேப் ஆக்காதீர்கள். மாற்றும்போது மேக்ஸிமைஸ், என்ஷ்யூர் ஃபிட் என்று இரண்டு பொத்தான்கள் வரும். முதலாவது பெரிதாகவே வைத்துக்கொண்டு ஓரங்களை வெளியே தள்ளும். இரண்டாவது எல்லாவற்றையும் சுருக்கி உள்ளே அடக்கும். எதைத் தேர்ந்தாலும், திருப்பி மாற்றும்போது பழைய இடத்துக்கும் பழைய அளவுக்கும் எல்லாம் வந்து சேரும் என்று நம்ப முடியாது. கன்ட்ரோல் இஸட் வேலை செய்யும்போதே பின்வாங்குங்கள், அல்லது நகலில் விளையாடுங்கள்.

ஒரு காலத்தில் இது பிரச்சினையாகவே இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 35 மி.மீ. ஃபிலிம் ஸ்லைடின் படம் 36 x 24 மி.மீ. என்றாலும், அதைப் பொருத்தும் சட்டம் 50 x 50 மி.மீ. சதுரம். நெட்டுப் படமோ அகலப் படமோ, சட்டத்தைத் திருப்பிச் செருகினால் போதும்; ஒரே தட்டில் இரண்டும் கலந்து ஓடும். திரை சதுரமாக இருந்தால் இரண்டும் ஒரே பெரிதாகத் தெரியும். பவர்பாயிண்டின் ஸ்லைடு சைஸ் பட்டியலில் 35 எம்எம் ஸ்லைட்ஸ் என்றும் ஓவர்ஹெட் என்றும் இன்றைக்கும் இரண்டு வரிகள் இருப்பது அந்தக் காலத்தின் மிச்சம். சட்டம் சதுரமாக இருந்த வசதி மட்டும் வந்து சேரவில்லை.

இப்போது இருப்பது அகலத் திரை. ப்ரொஜெக்டரும் டிவியும் உங்கள் ஸ்லைடுக்காகத் திரும்பப் போவதில்லை. எனவே நெட்டு ஸ்லைடு என்றால் நடுவில் ஒரு பட்டை, இரு பக்கமும் கறுப்பு. கணக்கைப் பாருங்கள்: 1920 x 1080 திரையில் 9:16 நெட்டு ஸ்லைடின் அகலம் 607 பிக்சல். மொத்தத் திரையில் 32 சதவீதம்கூட இல்லை. ஏ4 விகிதத்தில் செய்தால் 764 பிக்சல், ஏறக்குறைய 40 சதவீதம். எழுத்தும் அதே கதிக்கு ஆளாகும். 16:9 ஃபைலைப் போர்ட்ரெய்ட்டாகத் திருப்பினால் ஸ்லைடின் உயரம் 33.87 செ.மீ.; திரையின் உயரத்துக்குள் அடங்க அது 0.56 மடங்காகச் சுருங்குகிறது. நீங்கள் 24 பாயிண்டில் அடித்த வரி, பக்கத்து லேண்ட்ஸ்கேப் ஸ்லைடோடு ஒப்பிட்டால் 13.5 பாயிண்டாகத்தான் தெரியும். அதே 24 தெரிய வேண்டுமானால் 43 பாயிண்டில் அடிக்க வேண்டும். அந்த அளவில் 19 செ.மீ. அகலத்தில் தமிழில் எத்தனை சொல் பிடிக்கும்? "நடைமுறைப்படுத்தப்படுவதற்கான" என்று ஒரு சொல் வந்தாலே வரி முடிந்துவிடும். பவர்பாயிண்ட் தானாகச் சொல்லை உடைத்து இடைக்கோடு போடாது. அடுத்த வரிக்குத் தள்ளும், வலது ஓரம் ஓட்டை ஓட்டையாக நிற்கும். ஆகவே திரையில் காட்டுவதற்கு என்றால் நெட்டு ஸ்லைடு உங்களுக்கு ஒரு சதுர செ.மீ. இடம்கூட அதிகம் தருவதில்லை, இருப்பதையும் எடுத்துக்கொள்கிறது. உங்கள் நான்கையும் அகல ஸ்லைடுக்குள்ளேயே வைக்கச் சொல்வேன். இது என் கருத்து. ஆனால் மேலே சொன்ன கணக்கில் நிற்கும் கருத்து.

அரசாணைப் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். ஏ4 பக்கத்தை முழுதாக ஸ்லைடின் உயரத்துக்கு வைத்தால் 13.47 x 19.05 செ.மீ. வரும். அதிலுள்ள 12 பாயிண்ட் எழுத்து 7.7 பாயிண்டாகத் தெரியும். முன்வரிசையில் இருப்பவரும் படிக்க மாட்டார். அதே பக்கத்தை ஸ்லைடின் முழு அகலத்துக்கு, 33.87 செ.மீ.க்கு, இழுத்தால் எழுத்து 19 பாயிண்டுக்கு மேல் வந்துவிடும். ஏறக்குறைய இரண்டரை மடங்கு. படத்தின் உயரம் 47.9 செ.மீ. ஆகும், ஸ்லைடுக்குக் கீழே தொங்கும், தொங்கட்டும். இதை மேலே நகர்த்திக்கொண்டே காட்டுவதுதான் வழி. படத்தின் மேல் வலது கிளிக் செய்து, ஃபார்மட் பிக்சர், அதில் சைஸ் அண்ட் ப்ராப்பர்டீஸ், அதில் பொசிஷன். முதல் ஸ்லைடில் கிடை (ஹரிசான்டல்) 0, நெடுக்கு (வெர்டிகல்) 0. இடது ஓரத்தில் ஸ்லைடின் சிறுபடத்தைத் தேர்ந்து கன்ட்ரோல் டி அழுத்தி ஸ்லைடை நகலெடுங்கள். இரண்டாவதில் நெடுக்கு -14.43 செ.மீ. மறுபடி நகல், மூன்றாவதில் -28.85 செ.மீ. இந்த எண்களில் அடுத்தடுத்த காட்சிகளுக்கு இடையே நாலரை செ.மீ. போல ஒன்றன்மேல் ஒன்று வரும், அதாவது முந்தைய காட்சியின் கடைசி வரிகள் அடுத்ததன் தலையில் தெரியும். படித்துக்கொண்டிருப்பவர் இடத்தைத் தொலைக்க மாட்டார். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் டிரான்சிஷனில் மார்ஃப் கொடுத்து, டியூரேஷன் ஒன்றரை விநாடி வையுங்கள். காகிதத்தைக் கையால் மேலே தள்ளுவது போல நகரும்.

மார்ஃப் 2019 பதிப்பிலிருந்தும் மைக்ரோசாஃப்ட் 365-லும் இருக்கிறது. அரங்கத்துக் கணினியில் மார்ஃபை ஓட்டத் தெரியாத பழைய பதிப்பு இருந்தால் வெறும் ஃபேடாக ஓடும். நகர்வு போகும், மூன்று காட்சியும் இருக்கும், படிப்பது கெடாது. ஒரே ஸ்லைடில் மோஷன் பாத் போட்டும் இதே நகர்வைச் செய்யலாம். ஆனால் பின்னால் படத்தை மாற்றினால் பாதை மறுபடி அளக்க வேண்டும், அதனால் நகல் ஸ்லைடு முறையே சௌகரியம். நகரும்போது தலைப்பும் லோகோவும் படத்துக்கு அடியில் மறையும். அவை தெரிய வேண்டாம் என்றால் வெற்று லேயவுட்டைத் தேர்ந்துவிடுங்கள். தெரியத்தான் வேண்டும் என்றால் படத்தின் அகலத்தை 25 செ.மீ.க்குக் குறைத்து ஓரத்தில் ஒரு பத்தி விடுங்கள். அப்போது உயரம் 35.36, கடைசி நிறுத்தம் -16.31.

இங்கே கெடுவது பெரும்பாலும் ஸ்கேன்தான். 1920 பிக்சல் அகலத் திரையை நிரப்ப அவ்வளவு பிக்சல் படத்தில் இருக்க வேண்டும். 200 டிபிஐ-யில், அதாவது அங்குலத்துக்கு 200 புள்ளி என்று, ஸ்கேன் செய்த ஏ4 அகலம் 1654 பிக்சல், கொஞ்சம் கொழகொழவென்று தெரியும். 300 டிபிஐ என்றால் 2480, போதும். வாட்ஸ்ஆப்பில் படமாக வந்த அரசாணையை வைத்துக்கொண்டு எந்த வித்தையும் செய்ய முடியாது. மூலத்தையோ, பிடிஎஃப்பையோ, படமாக அல்லாமல் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லி வாங்குங்கள். இதைவிடச் சுலபமான ஒன்றும் உண்டு. வகுப்பில் உண்மையில் பேசப்போவது அரசாணையின் இரண்டு பத்திகளைப் பற்றி மட்டும் என்றால், முழுப் பக்கத்தையும் இடது ஓரத்தில் 13.47 செ.மீ. அகலத்தில் வைத்து, பேசும் பத்தியைச் சுற்றி ஒரு சிவப்புக் கட்டம் போட்டு, அதே படத்தின் இன்னொரு நகலில் அந்தப் பத்தியை மட்டும் கிராப் செய்து வலது பக்கத்தில் மீதமுள்ள 20 செ.மீ.யில் பெரிதாக வையுங்கள். இது அசல் ஆவணம், இதுதான் அதில் நாம் பார்க்கும் இடம் என்று இரண்டும் ஒரே பார்வையில் தெரியும். பெரும்பாலான வகுப்புகளுக்கு இதுவே போதும், நகர்த்தல் எல்லாம் வேண்டாம்.

கைப்பேசித் திரைகள் விஷயத்தில் அகல ஸ்லைடு உங்களுக்குச் சாதகம். 9:16 கைப்பேசித் திரையின் படம் ஒன்று முழு உயரத்தில் 10.72 செ.மீ. அகலம். மூன்றைப் பக்கம் பக்கமாக வைத்தால் 32.15, ஸ்லைடு 33.87. தைத்தது போல அடங்கும். இப்போதைய கைப்பேசிகள் இன்னும் ஒல்லியானவை என்பதால் இடையில் தாராளமாக இடம் விடலாம். முதல் தட்டல், இரண்டாம் தட்டல், முடிவு என்று மூன்று படியையும் ஒரே ஸ்லைடில் காட்டுவது, ஒற்றைத் திரையை நெட்டு ஸ்லைடில் காட்டுவதைவிட நன்றாகவே புரியும். கைப்பேசியில் எடுத்த நெட்டு வீடியோவுக்கும் இதே முறைதான்: வீடியோவை ஒரு பக்கம் வைத்து, பார்க்க வேண்டியதை மறுபக்கம் எழுதுங்கள்.

ஃப்ளோசார்ட்டை நீங்களே பவர்பாயிண்டில் வரைந்திருந்தால் அதைத் திருத்தி வரைவதே நல்லது. பன்னிரண்டு பெட்டி நேர்கோட்டில் கீழே இறங்கினால், ஆறாவதோடு நிறுத்தி, வலது பக்கம் மேலே ஏழாவதைத் தொடங்குங்கள். இரண்டு பத்தியையும் முழங்கை போல மடங்கும் ஒரு எல்போ கனெக்டரால் இணையுங்கள். பெட்டிகளைக் கனெக்டரோடு ஒட்டி வரைந்திருந்தால், பெட்டியை இழுக்கும்போது கோடு கூடவே வரும். வெறும் கோடுகளாக வரைந்திருந்தால் எல்லாவற்றையும் மறுபடி போட வேண்டிவரும். வேறு யாரோ கொடுத்த படம் என்றால் அரசாணைக்குச் சொன்ன நகர்த்தும் முறையே இதற்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் நெட்டு ஸ்லைடாகவே வேண்டும், மேலதிகாரி அப்படித்தான் கேட்கிறார் என்றால், இரண்டு ஃபைலாகப் பிரித்து இணைப்பதே மைக்ரோசாஃப்ட்டே சொல்லும் வழி. ஒரு ஃபோல்டர் திறந்து இரண்டு ஃபைலையும் அதற்குள் முதலில் சேமித்துவிடுங்கள். இணைப்பு கொடுப்பதற்கு முன்பே சேமிக்க வேண்டும், பெயரைப் பின்னால் மாற்றக் கூடாது. இரண்டாவது ஃபைலில் டிசைன், ஸ்லைடு சைஸ், கஸ்டம் ஸ்லைடு சைஸ் போய், ஸ்லைட்ஸ் என்ற தலைப்பின் கீழ் போர்ட்ரெய்ட் கொடுங்கள். காலியாக இருக்கும்போதே கொடுத்துவிட்டுப் பிறகு உள்ளடக்கத்தைப் போடுங்கள். முதல் ஃபைலில், நெட்டு ஸ்லைடுக்குத் தாவ வேண்டிய ஸ்லைடில் ஒரு செவ்வகம் வரைந்து, அதைத் தேர்ந்து, இன்சர்ட், ஆக்‌ஷன், மவுஸ் கிளிக், ஹைப்பர்லிங்க் டு, அதர் பவர்பாயிண்ட் பிரசன்டேஷன் என்று போனால் ஃபைலைக் கேட்கும். பிறகு அதில் எந்த ஸ்லைடு என்றும் கேட்கும். செவ்வகம் கண்ணில் படக் கூடாது என்றால் நோ ஃபில் கொடுக்காதீர்கள். நடுவில் கிளிக் செய்தால் பிடிக்காது. நிறம் கொடுத்து டிரான்ஸ்பரன்சியை 100 சதவீதம் ஆக்குங்கள்.

திரும்பி வருவதற்கு, நெட்டு ஃபைலின் கடைசி ஸ்லைடிலிருந்து முதல் ஃபைலுக்கு இன்னொரு ஹைப்பர்லிங்க் கொடுக்கத் தோன்றும். அதற்குப் பதிலாக அதே ஆக்‌ஷன் பெட்டியில் எண்ட் ஷோ என்பதைக் கொடுங்கள். இரண்டாவது காட்சி முடிந்ததும், அதை அழைத்த ஸ்லைடிலேயே வந்து நிற்பீர்கள். முடியும் இடத்தில் ஒரு கறுப்புத் திரை வந்து "காட்சி முடிந்தது, வெளியேற கிளிக் செய்க" என்கிற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி காட்டினால், ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு பகுதியில் எண்ட் வித் பிளாக் ஸ்லைடு என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். இந்த அமைப்பு ஃபைலோடு பயணம் செய்யாது, அந்தந்தக் கணினியில் இருக்கும். வீட்டில் எடுத்துவிட்டு அரங்கத்தில் மறந்தால் அங்கே கறுப்புத் திரை வரும்.

இந்த முறையின் பெரிய ஓட்டை கையில் வைத்திருக்கும் ரிமோட் கிளிக்கர். அது அனுப்புவது மவுஸ் கிளிக் அல்ல, பேஜ் டவுன் விசை. நீங்கள் கிளிக்கரை அழுத்தினால் செவ்வகத்தின் இணைப்பு இயங்காது, ஸ்லைடு அடுத்ததற்குப் போய்விடும். அந்த இடத்தில் மவுஸைத் தொட வேண்டும், அல்லது கீபோர்டில் டேப் அழுத்தி இணைப்பைப் பிடித்து என்டர் தட்ட வேண்டும். மேடையில் நடந்துகொண்டே பேசுகிறவருக்கு இது தொல்லை. அவர்களுக்கு இன்னொரு வழி: இன்சர்ட், ஆப்ஜெக்ட், கிரியேட் ஃப்ரம் ஃபைல் மூலம் நெட்டு ஃபைலையே அகல ஸ்லைடுக்குள் பொதித்துவிடலாம். அதன் முதல் ஸ்லைடு ஒரு படமாக உட்காரும். அதைத் தேர்ந்து அனிமேஷன்ஸ், ஆட் அனிமேஷன், கடைசியில் ஓஎல்இ ஆக்‌ஷன் வெர்ப்ஸ், அதில் ஷோ கொடுத்தால், அது அனிமேஷன் வரிசையில் சேர்ந்துவிடும். வரிசையில் உள்ளதைக் கிளிக்கரால் இயக்கலாம். உள்ளிருக்கும் காட்சி திரை முழுதும் ஓடி முடிந்ததும் வெளிக்காட்சி தொடரும்.

பொதிப்பதில் கவனிக்க வேண்டியது ஒன்று. உள்ளே போவது தெரிகிற ஸ்லைடு மட்டும் அல்ல, அந்த ஃபைல் முழுவதும், மறைத்துவைத்த ஸ்லைடும் நோட்ஸும் உட்பட. ஃபைலைப் பிறகு யாருக்காவது அனுப்பினால் அவர் அந்தப் படத்தை இரட்டைக் கிளிக் செய்து எல்லாவற்றையும் பார்க்கலாம். சம்பளப் பட்டியலோ மதிப்பெண் பட்டியலோ உள்ள ஃபைல் என்றால் தேவையானதை மட்டும் தனி ஃபைலாக்கிப் பொதியுங்கள். இது விண்டோஸில் முழு பவர்பாயிண்ட் நிறுவிய கணினிக்கான ஏற்பாடு. பிரவுசரில் திறந்தாலோ கைப்பேசியில் திறந்தாலோ வெறும் படம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இணைப்பு, பொதிப்பு இரண்டும் சூழலைச் சார்ந்தவை. இதற்கு மேல் உறுதியாக நான் எழுதினாலும் உங்கள் அரங்கத்துக் கணினி அதைக் கேட்காது. பழுதாகும் இடங்களை மட்டும் சொல்கிறேன். பென் டிரைவில் முதல் ஃபைலை மட்டும் எடுத்துப்போவது முதல் தவறு, ஃபோல்டரோடு எடுங்கள். ஃபைல், எக்ஸ்போர்ட், பேக்கேஜ் பிரசன்டேஷன் ஃபார் சிடி என்பதில் காப்பி டு ஃபோல்டர் கொடுத்தால் இணைத்த ஃபைலையும் சேர்த்து மூட்டை கட்டித் தரும். சிடி யாரிடமும் இல்லாத காலத்திலும் இந்த வசதி பயன்படுகிறது. மின்னஞ்சல் இணைப்பிலிருந்தோ ஜிப்புக்குள்ளிருந்தோ நேராகத் திறந்தால் ஃபைல் ஏதோ ஒரு தற்காலிக ஃபோல்டரில் போய்த் திறக்கும், துணை ஃபைல் அங்கே இருக்காது. டவுன்லோடு செய்த ஃபைல் புரொடெக்டட் வியூவில் திறந்து மஞ்சள் பட்டை காட்டும். இரண்டு ஃபைலையும் ஒருமுறை தனித்தனியாகத் திறந்து எனேபிள் எடிட்டிங் கொடுத்து மூடிவிடுங்கள். இணையவழிக் கூட்டத்தில் விண்டோவை மட்டும் பகிர்ந்தால் இரண்டாவது காட்சி வேறு விண்டோவில் திறக்கும், பார்ப்பவர்களுக்குப் பழைய ஸ்லைடே நிற்கும்; முழுத் திரையைப் பகிருங்கள். தமிழ் எழுத்துரு விஷயம் இரண்டு ஃபைலுக்கும் தனித்தனி: ஒன்றில் எழுத்துருவைப் பொதித்துவிட்டு மற்றதில் மறந்தால் அதில் மட்டும் வரிகள் இடம் மாறும்.

காட்சிக்கு அனிமேஷன், வீடியோ எதுவும் வேண்டாம் என்றால் இத்தனை கூத்தும் தேவையில்லை. பிடிஎஃப்பில் ஒவ்வொரு பக்கமும் தன் அளவைத் தானே வைத்திருக்கும். நெட்டும் அகலமும் ஒரே ஃபைலில் சண்டையில்லாமல் இருக்கும். இரண்டு பவர்பாயிண்டையும் தனித்தனியே பிடிஎஃப்பாக்கி, பிடிஎஃப்சாம் பேசிக் போன்ற இலவச மென்பொருளில் 1 முதல் 9 வரை இதிலிருந்து, பிறகு அதிலிருந்து நான்கு, மறுபடி இதிலிருந்து மீதி என்று கோக்கலாம். மேக் கணினியில் பிரிவ்யூவில் சிறுபடங்களை இழுத்துப் போட்டாலே ஆயிற்று. அக்ரோபேட் ரீடரில் கன்ட்ரோல் எல் அழுத்தினால் முழுத்திரை, கிளிக்கரும் வேலை செய்யும். டிரான்சிஷன் போகும், போகட்டும். நெட்டுப் பக்கம் திரையில் அதே ஒல்லிப் பட்டையாகத்தான் தெரியும் என்பது மட்டும் இங்கேயும் மாறாது.

உங்கள் கேள்வியில் இல்லாத ஒன்று, இந்த ஃபைல் கடைசியில் காகிதமாகவும் போகுமா என்பது. பயிற்சி வகுப்பு என்பதால் கையேடு கொடுப்பீர்கள் என்று நினைக்கிறேன். காகிதத்துக்கு நெட்டுப் பக்கம் நியாயமான ஆசை, ஏனென்றால் காகிதத்தைக் கையில் திருப்பிப் பிடிக்கலாம். கோத்த பிடிஎஃப்பை அச்சிடும்போது ஓரியன்டேஷனை ஆட்டோவில் விடுங்கள், பக்கத்துக்குப் பக்கம் அதுவே திருப்பிக்கொள்ளும். இருபுறம் அச்சிட்டால் நெட்டும் அகலமும் முதுகோடு முதுகு வரும் தாளில் தலை எந்தப் பக்கம் வருகிறது என்பது பிரின்டருக்குப் பிரின்டர் வேறுபடும்; அறுபது பிரதி போடும் முன் ஒரே ஒரு பிரதி போட்டுப் பாருங்கள். நெட்டு ஃபைலை ஏ4 காகிதத்துக்காகச் செய்யும்போது பட்டியலில் உள்ள ஏ4 பேப்பர் என்பதை நம்பாதீர்கள். அது தருவது 27.52 x 19.05 செ.மீ.; ஓரம் விட்ட அளவு. அசல் ஏ4 வேண்டுமென்றால் கஸ்டமில் 21, 29.7 என்று கையால் அடிக்க வேண்டும்.

காகிதத்துக்கு மட்டும் என்றால் இன்னொரு குறுக்கு வழியும் உண்டு: அதே அகல ஸ்லைடிலேயே உள்ளடக்கத்தை 90 டிகிரி சுழற்றி வைத்துவிடுவது. அச்சில் அது நெட்டுப் பக்கம்தான். ஆனால் அட்டவணையும் சார்ட்டும் பவர்பாயிண்டில் சுழலாது. தலைப்புக்கும் உரைக்கும் லேயவுட்டிலேயே வரும் பெட்டிகளை, அதாவது பிளேஸ்ஹோல்டர்களை, மற்றவற்றோடு குரூப் செய்யவும் விடாது. அதனால் நெட்டு ஃபைலில் செய்து, பிஎன்ஜி படமாக எக்ஸ்போர்ட் செய்து, அந்தப் படத்தைக் கொண்டுவந்து சுழற்றுவதே நடைமுறை. எக்ஸ்போர்ட் செய்யும்போது பவர்பாயிண்ட் வழக்கமாக 96 டிபிஐ-யில்தான் தரும்: 19.05 x 33.87 ஸ்லைடுக்கு 720 x 1280 பிக்சல். திரையின் உயரத்துக்கு வைக்க இது சரி, காகிதத்துக்கும் முழு அகலத்துக்கு இழுக்கவும் போதாது. விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரிஜிஸ்ட்ரியில் எக்ஸ்போர்ட் ரெசல்யூஷனை 300 வரை ஏற்றலாம், ஆனால் அலுவலகக் கணினியில் பெரும்பாலும் கை வைக்க விட மாட்டார்கள். அப்படியானால் ஸ்லைடைத் தொடக்கத்திலேயே பெரிதாக அமையுங்கள்: 50.8 x 90.31 செ.மீ. என்றால் அதே 96 டிபிஐ-யில் 1920 x 3413 பிக்சல் கிடைக்கும். எழுத்தளவை 2.7 மடங்கு கூட்டி அடிக்க மறக்காதீர்கள்.

திரையே நெட்டுவாக்கில் மாட்டியிருந்தால் மேலே எழுதியதெல்லாம் தலைகீழாகும். அப்போது 24-ம் போர்ட்ரெய்ட்டாக வேண்டும், அகலமாக இருப்பவைதான் பட்டையாகச் சுருங்கும். விண்டோஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, ஓரியன்டேஷனில் போர்ட்ரெய்ட் கொடுத்தால் காட்சி திரும்பும், டிவியைக் கையால் திருப்பி மாட்ட வேண்டும். ப்ரொஜெக்டரைப் பக்கவாட்டில் படுக்க வைத்து நெட்டுப் படம் எடுக்கலாமே என்றால், லாம்ப் உள்ள பல ப்ரொஜெக்டர்களில் அப்படி வைத்தால் குளிர்விக்கும் காற்றோட்டம் கெட்டு லாம்ப் போகும். நெட்டுவாக்கில் வைக்கலாம் என்று அதன் கையேட்டில் எழுதியிருந்தால் மட்டும் செய்யுங்கள்.

உங்கள் ஃபைலுக்கு என்று கேட்டால்: செயலித் திரைகளை மூன்றாக ஒரே ஸ்லைடில் வையுங்கள், ஃப்ளோசார்ட்டை இரண்டு பத்தியாக உடையுங்கள், அரசாணைகளில் பேசப்போகும் பத்தியைக் கிராப் செய்து முழுப் பக்கத்தின் பக்கத்தில் வையுங்கள். கையேட்டுக்கு மட்டும் அரசாணைப் பக்கங்களின் மூலப் பிடிஎஃப்பை அப்படியே இடையில் கோத்துவிடுங்கள்; அதைப் பவர்பாயிண்டுக்குள் கொண்டுபோய் வெளியே எடுக்க வேண்டிய தேவையே இல்லை. ஸ்கேன் எத்தனை டிபிஐ, அரங்கத்தில் எந்தப் பதிப்பு என்று எழுதினால், மார்ஃப் முறை உங்களுக்குச் சரிவருமா என்று பார்த்துச் சொல்கிறேன்.